ஐஸ் தேநீர்: கொதிநீரிலா, குளிர்நீரிலா?

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் பின்னேரம் சுடச்சுடப் பிளேன்டீ இறங்காது. அதை ஐஸ் தேநீராக்க இரண்டு வழி.

கொதிநீர் வழி அவசரக்காரருக்கு. அரை லீற்றர் கொதிநீரில் 4 தேக்கரண்டி தேயிலை, 4 நிமிடம், வடி. சீனியும் தட்டிய இஞ்சியும் சூட்டோடே போட வேண்டும். ஆறினால் சீனி அடியில் தங்கிவிடும். பிறகு ஐஸ்கட்டி நிறைந்த சாடிக்குள் ஊற்று. கடுஞ்சாயத்தை அப்படியே பிரிட்ஜில் வைத்தால் சிலவேளை கலங்கிப்போகும்: தேயிலையின் கபேனும் துவர்ப்புச் சத்தும் குளிரில் ஒட்டிக்கொள்வதால்தான். கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் சுடுநீர் விட்டால் தெளியும்.

குளிர்நீர் வழிக்குப் பொறுமை தேவை. கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் அதே 4 கரண்டியைப் போட்டு, இரவு பிரிட்ஜில் 8 மணிநேரம். துவர்ப்பு குறைவு, கபேனும் குறைவு, நிறமோ கண்ணாடி மாதிரி. நுவரெலியாத் தேயிலை இதற்கென்றே பிறந்தது. சீனியைத்தான் பாகாக்கி விட வேண்டும்.

தேசிக்காய்ப்புளிக்கும் இஞ்சிக்கும் கடுஞ்சாயம்தான் ஈடுகொடுக்கும். புதினா, மாம்பழத்துண்டு என்றால் நான் இரவே ஊறப்போட்டுவிடுவேன். திடீர் விருந்தாளி வந்தால் மட்டும் கேத்தல் அடுப்பில் ஏறும்.