ஒரே ஏடிசி, மூன்று டிரைவர்கள்: சனலை எப்படிப் பகிர்வது?

வெள்ளவத்தையில் நாங்கள் செய்யும் பற்றரிக் கண்காணிப்புப் பெட்டியின் முதல் வடிவம், 2022 மின்வெட்டுக் காலத்தில் உருவானது. உள்ளே இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற, லினக்ஸ் ஓடும் சின்னக் கணினிப் பலகை. அதன் ஏஎம்335எக்ஸ் சிப்பில் 12 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஒன்றுதான் உண்டு. அதன் உள்ளீடுகள்தான் சனல்கள்: சனல் 0 இல் 12 வோல்ற் பற்றரி, 1 இல் வெப்பம் பார்க்கும் என்டிசி (சூடேறினால் மின்தடை குறையும் உணரி), 2 இல் கரண்ட் சென்சர். மூன்றுக்கும் மூன்று டிரைவர்கள், அதாவது அவற்றைக் கையாளும் மென்பொருள் துண்டுகள். மூன்றும் நேரே ஏடிசியின் ரெஜிஸ்டரில் (அதைக் கட்டுப்படுத்தும் நினைவிடத்தில்) கைவைத்தால், ஒன்று தொடங்கிய அளவீட்டை மற்றது குலைத்துவிடும். அப்படியானால் யார் வழியாகக் கேட்பது?

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வெளியே ஒரு புரோகிராம் எல்லாவற்றையும் வாசித்துப் பங்கிடலாம். எழுதச் சுலபம். ஆனால் அந்தப் புரோகிராம் செத்த இரவில் பற்றரி கொதித்தால் கேட்க ஆளில்லை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதற்கும் இதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது எம்எஃப்டி (பல வேலை செய்யும் சிப்புக்கான) வழி: ஒரு தாய் டிரைவர் சிப்பை வைத்துக்கொண்டு, பிள்ளை டிரைவர்களுக்குத் தனிப்பட்ட ஃபங்ஷன்களைக் கொடுப்பது. இதே சிப்பில் டச் ஸ்கிரீனும் ஏடிசியும் 16 அளவீட்டு ஸ்டெப்புகளைப் பங்கிட்டுக்கொள்வது இப்படித்தான். ஒரே சீக்வென்சரை (ஸ்டெப்புகளை வரிசையாக ஓட்டும் பகுதியை) இருவர் ஆட்டும்போது இது சரியான வழி. ஆனால் பொதுவான என்டிசி டிரைவருக்கு அந்த ஃபங்ஷன்கள் தெரியாது. சிப் மாறினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

உண்மையான போட்டி, சென்சர்களுக்கும் ஏடிசிகளுக்குமான கெர்னல் கட்டமைப்பான ஐஐஓவுக்குள் இருக்கும் இரண்டு வழிகளுக்கு இடையில்தான். ஜொனதன் கமரோன் தொடங்கிய இந்தக் கட்டமைப்பு 2009 இல் கெர்னலின் ஸ்டேஜிங் (இன்னும் முதிராத குறியீடு இருக்கும்) பகுதிக்குள் வந்து, 2012 இல் அங்கிருந்து முதன்மைப் பகுதிக்கு நகர்ந்தது.

முதலாவது, வேண்டும்போது கேட்டு வாங்குவது. எந்த ஏடிசியின் எத்தனையாவது சனல் என்று டிவைஸ் ட்ரீயில் (பலகையில் என்னென்ன வன்பொருள் என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) ஒரு வரி எழுதினால் போதும். ஏடிசி டிரைவர் இன்னும் எழும்பவில்லையென்றால், கேட்கும் டிரைவரைக் கெர்னலே பிறகு மறுபடி முயலவைக்கும். அப்புறம் ஸ்கேலும் (பெருக்கும் எண்) ஆஃப்செட்டும் (கூட்டும் எண்) சேர்த்து மில்லிவோல்ற்றாகவே கையில் கிடைக்கும். எங்கள் பற்றரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ற். 100 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் கொண்ட மின்னழுத்தப் பிரிப்பானில் அது 1.31 வோல்ற் ஆகிறது, ஏடிசியின் 1.8 வோல்ற் எல்லைக்குள் அடங்குகிறது. பற்றரி டிரைவர் இந்தச் சிப்பின் பெயரைக்கூட அறியாமல் அதை வாசிக்கிறது. எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான்.

இரண்டாவது, கோல்பேக் பஃபர். ஏடிசி தொடர்ந்து ஓடும். எடுக்கும் ஒவ்வொரு அளவும் நம் ஃபங்ஷனைத் தேடி வரும். பல டிரைவர்கள் பல சனல்களைக் கேட்டால், ஐஐஓ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஸ்கேனாக ஓட்டி, அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுக்கும். வேகமான வேலைக்கு இதுதான். ஆனால் கைக்கு வருவது பதப்படுத்தாத எண். ஸ்கேலை நாமே போட வேண்டும். இன்டரப்ட் நேரத்திலேயே (வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும்போதே) அழைப்பு வரக்கூடும் என்பதால், தூங்கக்கூடிய, அதாவது காத்திருக்க நேரும், எந்த வேலையையும் அங்கே செய்யக்கூடாது. புதிதாக ஒருவர் சேரும்போது ஸ்கேனை நிறுத்தி மறுபடி தொடங்குவதால், நடுவில் ஒரு இடைவெளியும் விழும்.

இரண்டையும் கலந்தபோதுதான் அடிபட்டோம். கரண்டின் அலைவடிவத்தைப் பதிய, கூட வேலை செய்யும் தம்பி சனல் 2 இல் பஃபரை ஓடவிட்டார். அந்த நொடியிலிருந்து வெப்பநிலை வரவில்லை, பற்றரி அளவும் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்: ‘ஈபிசி’, அதாவது ‘வேலையில் இருக்கிறேன்’ என்ற பிழைக்குறி. வயரைக் கழற்றிப் பூட்டினோம், என்டிசியை மாற்றினோம், அரை நாள் போனது. கடைசியில் ஏடிசி டிரைவரின் மூலக்குறியீட்டைத் திறந்தால், வாசிக்கும் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே கிடந்தது விடை: பஃபர் ஓடினால் தனி வாசிப்புக்கு இடமில்லை. ஐஐஓவில் வேறு பல ஏடிசி டிரைவர்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. சனலைப் பகிரலாம், ஆனால் ஓடும் முறையைப் பகிர முடியாது.

மூன்றையும் கோல்பேக்குக்கு மாற்றியிருக்கலாம். ஆனால் பொதுவான என்டிசி டிரைவரை வெட்டி ஒட்டி, கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த ஒட்டைச் சுமக்க வேண்டும். நான் வேண்டாம் என்றேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி மொடியூல் ஒன்று வாங்கி ஐ2சியில் (இரண்டு வயர் இணைப்பில்) பூட்டி, பற்றரியையும் என்டிசியையும் அதற்கு நகர்த்தினோம். மெதுவான சிப்தான், ஆனால் இந்த இரண்டுக்கும் அது தாராளம். உள்ளிருக்கும் ஏடிசி இப்போது முழுக்கக் கரண்ட் சென்சருக்கே. டிவைஸ் ட்ரீயில் புதுச் சிப்பைச் சேர்த்து, இரண்டு டிரைவர்களும் சுட்டும் வரியைத் திருப்பினோம். என்டிசி டிரைவரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.