38 வெள்ளி பாக்கெட்டும் எங்கள் ஊர் கேக் சாமான் கடையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். பெயர் போட மாட்டேன், எதற்கு வம்பு. இணையத்தில் "தானியமில்லாத பேகல் மாவு, லோ கார்ப்", அதாவது மாவுச்சத்து குறைந்தது, என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும், அதில் ஒன்று. ஒரு பாக்கெட்டில் 6 பேகல் (நடுவில் ஓட்டை வைத்த ரொட்டி), விலை 38 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். இரண்டாக வாங்கினால் தபால் செலவு இலவசம் என்று போட்டிருந்தார்கள், நானும் இரண்டாக வாங்கித் தொலைத்தேன்.

எதற்கு இந்த வேலை என்றால், வீட்டுக்காரருக்குப் போன வருடம் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பி, வழியில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் என்று இருபது வருடமாக ஓடிய உடம்பு. சுங்கை சிப்புட்டில் இது ஒன்றும் அதிசயம் இல்லை, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிறது. 2019ஆம் ஆண்டு மலேசியா முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இந்த நோய் என்று வந்தது, அதிலும் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். வேறு எதில் நிற்கிறோமோ இல்லையோ.

சோற்றை அளவாகச் சாப்பிட அவர் பழகிவிட்டார். காலை ரொட்டியைத்தான் விட முடியவில்லை. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஒரு தடவை வரும்போது ஒரு கஃபேயில் இருந்து பேகல் வாங்கி வந்தாள், "அப்பா, இதில் கோதுமையே இல்லை, சாப்பிடுங்க" என்று. அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. ஒன்று 14 வெள்ளியாம். தினமும் அதற்கு எங்கே போவது, வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினேன்.

பேகல் பார்க்காதவர்களுக்கு: உளுந்து வடையைப் பெரிதாக்கி ரொட்டி மாவில் செய்ததுபோல் இருக்கும், நடுவில் ஓட்டை. போலந்து யூதர்களின் பண்டம், கிராக்கோவ் நகரத்து 1610ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் இருக்கிறது. கோதுமை மாவைப் புளிக்க வைத்து வளையமாக உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, அப்புறம்தான் சுடுவார்கள். தண்ணீரில் கிடக்கும்போது மேல் மாவு வெந்து தோல் பிடித்துக்கொள்ளும், அந்தப் பளபளப்பு அப்படி வருவது. கடிக்கும்போது வருகிற இழுவை கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால். தானியத்தை எடுத்துவிட்டால் அந்த இழுவைக்கு வேறு எதையாவது கொண்டு வர வேண்டும், இந்தச் சமையலின் தலைவலி முழுக்க அங்கேதான்.

சரி, பாக்கெட் கதைக்கு வருகிறேன். உள்ளே பாதாம் மாவு, அடுத்து மரவள்ளி மாவு, இசப்கோல் உமி, பேக்கிங் பவுடர், உப்பு. முட்டையும் வினிகரும் வெந்நீரும் நாம் சேர்க்க வேண்டும். அட்டையில் எழுதியிருந்தபடி ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் செய்தேன். ஓவனில் நன்றாக உப்பி வந்தது, எனக்கும் சந்தோஷம். எடுத்து வைத்து ஆறியதும் பார்த்தால் நிறம் கத்தரிப்பூ. வெட்டினால் உள்ளே குகை, அடியில் களி. நிறத்தை மன்னித்துவிடலாம், இசப்கோல் உமி சுடும்போது சில சமயம் அப்படி மாறும், கெட்டுப் போனதாக அர்த்தம் இல்லை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தட்டில் ஓரமாக நகர்த்தி வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதற்கு மேல் மோசம் கிடையாது.

மறுநாள் வாயை மூடிக்கொண்டு ஒரு முழு பேகலைத் தின்ன வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். 12.6 மில்லிமோல். எனக்குப் பகீரென்றது. அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன், ஒரு பேகலுக்கு 29 கிராம் கார்ப்! கோதுமை பேகலில் 50 கிராம் வரும், அதோடு ஒப்பிட்டால் குறைவுதான், அதை வைத்துத்தான் லோ கார்ப் என்று போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. தானியமில்லாதது என்றதும் பொய் இல்லை. மரவள்ளி கிழங்குதானே, தானியம் இல்லையே. ஆனால் அந்த மாவு கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. இந்த இரண்டு வார்த்தையையும் ஒன்றாக நினைத்தது என் தப்பு. உளுந்தும்கூட தானியம் இல்லை, பருப்பு வகை, அதற்காக வடையை லோ கார்ப் என்று சொல்லி விற்க முடியுமா? மறுபக்கம், கார்ப் குறைந்த ரொட்டி என்று வருகிற சிலவற்றில் கோதுமைக் குளூட்டனைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள், அதில் கார்ப் குறைவு, ஆனால் தானியம் உண்டு. எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில், 1942இல் இருந்து 45 வரை, தோட்டத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றே உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர். கடைசி வரைக்கும் கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 38 வெள்ளி கொடுத்து மரவள்ளி மாவு வாங்கினேன் என்று கேட்டிருந்தால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பார்.

இனி நல்லது சொல்கிறேன். எங்கள் ஊர்க் கடைவீதியில் இருக்கிற கேக் சாமான் கடை. நடத்துவது ஒரு சீன ஆண்ட்டி, அறுபதுக்கு மேல் இருக்கும், சின்ன வயதில் தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் "என்ன தங்கச்சி, என்ன வேணும்" என்று தமிழிலேயே கேட்பார். பாதாம் மாவு இருக்கிறதா என்றதும் குளிர்ப்பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. பாதாமில் எண்ணெய் அதிகம், நம் ஊர் வெக்கையில் அலமாரியில் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும். ஈப்போவில் பெரிய கடையில் அதை வெளியே அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே 100 கிராமாகக்கூட நிறுத்துத் தருகிறார்கள், முதல் தடவை செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. தோல் நீக்கி அரைத்த மாவைக் கேளுங்கள், தோலோடு அரைத்தது கொரகொரவென்று இருக்கும்.

பேகலுக்கு என்றேன். "சீஸ் போடு, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அவர் மருமகள் செய்வாராம். கேட்க விநோதமாக இருந்தாலும் விஷயம் சரிதான், உருகிய மோசரெல்லா நூல் நூலாக இழுக்கும் அல்லவா, அந்தப் பால் புரதம்தான் குளூட்டன் செய்கிற வேலையை ஓரளவு செய்கிறது. 280 கிராம் துருவிய மோசரெல்லாவையும் 60 கிராம் கிரீம் சீஸையும் ஒரு மங்கில் போட்டு மைக்ரோவேவில் அரை நிமிடம் அரை நிமிடமாக வைத்து, நடுநடுவே கிண்டி, உருக்கிக்கொள்ளுங்கள். தனியாக 170 கிராம் பாதாம் மாவில் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரைக் கலந்து, இரண்டு முட்டையோடு சீஸில் கொட்டிப் பிசைய வேண்டும். பேக்கிங் பவுடரிலேயே பெரும்பாலும் சோள மாவு சேர்த்திருப்பார்கள், தானியமே ஆகாது என்பவர்கள் கவனிக்கவும், எங்களுக்கு அந்த அளவு பொருட்டில்லை.

பிசையும்போது கையெல்லாம் ஒட்டும், மாவைக் கூட்டாதீர்கள், வடைக்குச் செய்வதுபோல் கையை நனைத்துக்கொண்டு உருட்டுங்கள். ஆறினால் சீஸ் இறுகி உடையும், 15 வினாடி சூடு காட்டினால் மறுபடி வழிக்கு வரும். நான் வாழை இலைத் துண்டில் தட்டி ஓட்டை போடுகிறேன், ஓட்டையைப் பெரிதாகவே போடுங்கள், வேகும்போது மூடிக்கொள்ளும். இதைக் கொதிநீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சீஸ் கரைந்து சட்டியோடு போய்விடும். மேலே எள் தூவி, 200 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். என் மேசை ஓவனில் மேல்பக்கம் கருகியதால் 190க்கு இறக்கிவிட்டேன்.

செலவு குறையும் என்று தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து, அரைத்து, பாதாமுக்குப் பதிலாக அதே அளவு போட்டும் பார்த்தேன். தேங்காய் மாவு ஈரத்தை எல்லாம் குடித்துவிடும் என்று அப்போது தெரியாது. வந்தது பேகல் இல்லை, செங்கல்.

கணக்குப் போட்டால் பாதாம் மாவு 9 வெள்ளிக்குக் கிட்ட, மோசரெல்லா 12, கிரீம் சீஸ், முட்டை, எள் எல்லாம் சேர்த்து மொத்தம் 26 வெள்ளிக்குள் 6 வருகிறது, ஒன்று நாலே கால் வெள்ளி. ரொட்டி சானாயோடு பார்த்தால் கொள்ளை, கஃபேயோடு பார்த்தால் பரவாயில்லை. கார்ப், நார்ச்சத்தைக் கழித்து, ஒன்றுக்கு 5 கிராம் அளவில் வரும். ஆனால் கலோரி 350க்குக் குறையாது, இளைக்கலாம் என்று மூன்று நான்கு தின்றால் நேர்மாறாகத்தான் ஆகும்.

ருசி? ரொட்டி இல்லை, அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று, சீஸ் வாடை தூக்கலாக. வீட்டுக்காரர் வைத்த பெயர் "சீஸ் வடை". முட்டையும் நெத்திலி சம்பலும் வைத்துச் சாப்பிட்டால் அருமை, சம்பலில் சீனியைக் குறைத்துவிடுகிறேன். பருப்புக் கறியில் தோய்க்க வேண்டாம், நசநசத்துப் போகும். இந்த ஈரக் காற்றில் வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் தொளதொளத்துவிடும், ஆறியதும் உறைய வைத்து, காலையில் தோசைக்கல்லில் போட்டு எடுக்கிறேன்.

இதைத் தின்ற பிறகு அவருக்கு 7.8. அந்தக் குஷியில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் கிளிக்கசைட் மாத்திரை போடுகிறவர், அது சர்க்கரையை இறக்கும். அதை எப்போதும் போலவே கொடுத்து, ரொட்டி சானாய்க்குப் பதில் ஒரு பேகலோடு லோரி எடுக்க அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் பத்து மணிக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிடுகிறார். 3.4. கூட இருந்த தம்பி ஓடிப்போய்ச் சீனி போட்ட தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்த பிறகுதான் தெளிந்தது. கிளினிக்கில் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், எனக்கும் நன்றாகக் கிடைத்தது. இந்த மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாவைப் பிசையுங்கள்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. கார்டு வாங்க மாட்டார்கள், வாசலில் மோட்டார் நிறுத்தக்கூட இடம் கிடையாது, தீபாவளி, நோன்புப் பெருநாள் நெருங்கினால் பிஸ்கட் செய்கிறவர்கள் கூட்டத்தில் ஆண்ட்டி நம் முகத்தையே பார்க்க மாட்டார், மோசரெல்லாவும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடுகிறது. இருந்தாலும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பாக்கெட்டுக்கு ஒன்று, அதுவும் உள்ளே இருந்த பாதாமுக்காக.

இரண்டாவது பாக்கெட் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது, தேதியும் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், சும்மா தருகிறேன், கத்தரிப்பூ நிறம் பிடித்திருந்தால்.