ஆன்லைன் சூதாட்டம்: தடை செய்வதா, நேரம் குறிப்பதா, உரிமம் கொடுப்பதா?

ஆன்லைனில் பணம் வைத்து ரம்மி ஆடுவது சட்டப்படி சரியா என்று தமிழ்நாட்டில் யாரேனும் கேட்டால், எந்த ஆண்டு எந்த மாதத்தில் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே பதில் அமையும். 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடை வந்தது; அதையொட்டி இயற்றப்பட்ட சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இதை ஆராய அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம் வந்தது; சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடியும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கர் என்ற சீட்டாட்டத்தையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

இத்தனை அலைக்கழிப்புக்கும் காரணம் ஒரே கேள்வி: இது திறனால் வெல்லும் ஆட்டமா, வாய்ப்பால் வெல்லும் ஆட்டமா? விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைப்பது எதை எறிவது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறன் விளையாட்டே என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு செகந்திராபாத்தில் இருந்த ஒரு கிளப்பைப் பற்றியது. அங்கே உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், கிளப்புக்குக் கதவு சாத்தும் நேரம் உண்டு, பையில் இருக்கும் பணம் தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். கைப்பேசியில் இந்த மூன்றுமே இல்லை என்பதை நீதிமன்ற வாதங்கள் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டன என்பது என் கருத்து. ஆகவே கீழே உள்ள வழிகளை நான் ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்: தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவரின் பணம் வெளியேறுவதை இந்தச் சட்டம் எந்த இடத்தில் நிறுத்துகிறது?

முதல் வழி, முழுத் தடை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் நிறைவேற்றிய மத்தியச் சட்டம் திறன், வாய்ப்பு என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் வங்கிகளும் செயலிகளும் தப்ப முடியாது. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த உடனேயே கிரிக்கெட் போட்டிகளுக்குக் கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டி ஆடவைத்த ட்ரீம்11 உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. இதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இரண்டாவது, தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த ஒழுங்குமுறை. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ரம்மியைத் தடை செய்ய முடியாத நிலையில், ஆடும் முறையைக் கட்டுப்படுத்த அரசு முயன்றது. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஆட முடியாது. கணக்குத் தொடங்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழைய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை திரையில் வர வேண்டும். நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தும் 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதி செய்தது. வீடே உறங்கும் வேளையில், விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் ஒருவர் யுபிஐயில் திரும்பத் திரும்பப் பணம் போடும் அந்த ஐந்து மணி நேரத்தை அடையாளம் கண்டு பூட்டியது, இந்த ஒப்பீட்டில் உள்ள விதிகளிலேயே மிகவும் யோசித்து எழுதப்பட்டது. ஆனால் பகலில் தோற்பவருக்கு அது எதுவும் செய்யாது.

மூன்றாவது, பிரிட்டனின் உரிம முறை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி சூதாட்ட ஆணையம் உரிமம் வழங்குகிறது. நிறுவனம் ஜிப்ரால்டரில் இருந்தாலும் மால்டாவில் இருந்தாலும், பிரிட்டன் மக்களிடம் தொழில் செய்ய 2014 முதல் அந்த உரிமம் கட்டாயம். 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டால் சூதாடுவது தடை செய்யப்பட்டது. கேம்ஸ்டாப் என்ற ஏற்பாட்டில் ஒருவர் ஒருமுறை பெயரைப் பதிந்துவிட்டால், உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் அவரை ஆறு மாதமோ ஓராண்டோ ஐந்தாண்டோ சேர்க்கக் கூடாது. இதற்கு இணையான ஒன்று நம்மிடம் இல்லாதது பெரிய குறை.

இருந்தும் இந்த வழி நமக்கு வேண்டாம் என்றே சொல்வேன். 2023இல் வில்லியம் ஹில் குழுமத்துக்கு அந்த ஆணையம் 1.92 கோடி பவுண்டு தண்டம் விதித்தபோது வெளிவந்த விவரங்களில் ஒன்று: புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர், எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழிக்க முடிந்திருக்கிறது. பல ஆண்டு அனுபவமும் ஆள்பலமும் கொண்ட ஓர் ஆணையத்தின் கண்காணிப்பிலேயே இப்படி நடக்குமென்றால், இங்கே என்ன ஆகும்? அதிகம் தோற்பவரிடமிருந்து அதிகம் கிடைக்கும் தொழிலில், அவரைத் தடுக்கும் பொறுப்பையும் அதே நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது உரிம முறை.

சிங்கப்பூர் வேறு வகை. அங்கே சிங்கப்பூர் பூல்ஸ் போன்ற அரசு அனுமதித்த அமைப்பிடம் மட்டுமே பந்தயம் கட்டலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியற்ற தளத்தில் ஆடுபவருக்கும் ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். சிறிய நாட்டில், கண்டிப்பான நிர்வாகத்தில் இது செல்லுபடியாகலாம். நம் பரப்பளவுக்குப் பொருந்தாது.

ஆக, என் சாய்வு தடையின் பக்கம்தான். ஆனால் சட்டம் போட்டதும் வேலை முடிந்துவிடாது என்பதைத் தமிழ்நாடு லாட்டரியில் பார்த்துவிட்டது. 2003இல் இங்கே லாட்டரி ஒழிக்கப்பட்டும், மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி நாளிதழ்களில் நின்றபாடில்லை. ஆன்லைனில் வெளிநாட்டுத் தளங்கள் ஒரு முகவரி முடக்கப்பட்டால் மறு முகவரியில் வருகின்றன. அடுத்தவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குகள் வழியே பணத்தை வாங்குகின்றன. ஆகவே தளங்களை முடக்குவதைக் காட்டிலும் அந்தக் கணக்குகளைத் தேடி அடைப்பதில்தான் தடையின் வலிமை இருக்கிறது.

அதற்குத் தகவல் வேண்டும். தகவலைத் தரக்கூடியவர் பணத்தை இழந்தவரும் அவர் குடும்பத்தாரும்தான். மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிக்காமல் விட்டது இதனால்தான் சரி. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமோ சூதாடியவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க வழி வைத்திருக்கிறது. கணவரோ மகனோ உள்ளே போய்விடுவார் என்று பயப்படும் பெண் காவல் நிலையத்துக்கு வர மாட்டார். மாநில அரசு முதலில் திருத்த வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.