"கடைசி இருநூறில் ஒன்று" என்று என் தலையில் கட்டிய கேடிலாக்: 32,500 டாலர் போச்சு

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய கார் வாங்கும் ஆசையில் இருக்கிற நம்மவர்கள் யாராவது இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். வண்டி 1976 கேடிலாக் எல்டொராடோ, கூரையை மடக்கிப் போடுகிற கன்வர்ட்டிபிள். விலை 32,500 டாலர். கடையின் பெயரையும் ஏலம் நடத்திய தளத்தின் பெயரையும் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். தென்மாநிலம் ஒன்றில் இருக்கிற பெரிய ஷோரூம், அடுத்தவர் வண்டியைக் கமிஷனுக்கு விற்றுக்கொடுப்பவர்கள், கண்ணாடி மாதிரித் தரை, சுவரெல்லாம் நியான் விளக்கு, அந்த வகை. தளம், பழைய வண்டிகளுக்கென்றே நடக்கிற ஆன்லைன் ஏலத் தளம். வாங்கப்போகும்போது எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்றும் கடைசியில் எழுதுகிறேன்.

இந்த வண்டிக்கு ஏன் இந்த விலை என்று தெரிந்தால்தான் ஏமாற்று புரியும். எழுபதுகளில் அமெரிக்காவில் கன்வர்ட்டிபிள் விற்பனை படுத்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் ஏசி வந்துவிட்டது, போதாததற்கு வண்டி உருண்டால் ஆள் பிழைக்க வேண்டும் என்று அரசாங்கம் புது விதி கொண்டுவரும் என்கிற பயம். ஒவ்வொரு கம்பெனியாக நிறுத்திக்கொண்டே வந்தார்கள். மிச்சமிருந்தது எல்டொராடோ. 1976-தான் கடைசி வருஷம் என்று கேடிலாக் அறிவித்தது, "கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள்" என்ற பேச்சு கிளம்பியது, அவ்வளவுதான், ஜனங்கள் மொய்த்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 14,000 வண்டி. அப்போதைய விலை சுமார் 11,000 டாலர். வாங்கியவர்களில் பலர் ஓட்டுவதற்கு வாங்கவில்லை, மூடி வைத்துப் பின்னால் விற்கலாம் என்று வாங்கினார்கள். 1976 ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட்டின் கிளார்க் தெரு ஆலையில் கடைசி வண்டி இறங்கியது. அந்த 14,000-இல் கடைசி 200 மட்டும் ஒரே அச்சாகச் செய்தவை: வெளியே வெள்ளை, கூரை வெள்ளை, இருக்கை வெள்ளைத் தோல், டாஷ்போர்டும் கம்பளமும் சிவப்பு, பானட்டில் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடு. அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு என்பதால் இந்தக் கணக்கு. சேகரிப்பவர்கள் தேடுவது இந்த 200-ஐத்தான். மற்ற நிறத்தில் வந்த சாதாரண 76-ஐ அதைவிடக் குறைந்த விலைக்கே பிடித்துவிடலாம்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. "கடைசி" என்று சொல்லி விற்ற அதே கேடிலாக், 1984 மாடலாக எல்டொராடோ கன்வர்ட்டிபிளை மறுபடியும் கொண்டுவந்தது. 76-ஐ முதலீடாக வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள் எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று கூட்டாக வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். ஆக, இந்த வண்டியை வைத்துக் கதை விற்பது 1976-லேயே தொடங்கிவிட்ட தொழில். என்னிடம் விற்றவன் அதைத் தொடர்கிறான், அவ்வளவுதான்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன், கார் உதிரிபாகத் துறையில்தான் வேலை. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் நடக்கிற ட்ரீம் க்ரூஸ் என்கிற பழைய கார் ஊர்வலத்தை வருஷாவருஷம் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டுப் பார்க்கிறவன். ஒரு தடவையாவது நாற்காலியில் இல்லாமல் ஸ்டியரிங் பின்னால் உட்கார வேண்டும் என்று சேர்த்து வைத்த பணம் அந்த 32,500 டாலர்.

விற்பனையாளர் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தவே இல்லை, அதுதான் அவருடைய திறமை. முதல் போனிலேயே வண்டியின் குறைகளை அவராகவே சொன்னார். "சார், பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் துண்டுகள் எல்லா 76-லும் பொடிந்து போகும், இதில் மாற்றியிருக்கிறோம், ஒரிஜினல் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்" என்றார். கூரையை மடக்குகிற கத்தரிக்கோல் மாதிரியான அமைப்பு அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் தொல்லை பிடித்தது, மோட்டாரைப் பார்த்து இயக்குங்கள் என்று அறிவுரை வேறு. இவ்வளவு உண்மையைத் தானாகச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? முதல் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் மருத்துவராம், மழையில் வெளியே எடுத்ததே இல்லையாம். டாஷ்போர்டில் "கடைசி 200-இல் ஒன்று" என்று பொறித்த தகட்டின் படம் வந்தது. அது எனக்குப் போதவில்லை, அதை யார் வேண்டுமானாலும் அடித்து ஒட்டலாம். பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சுவரில் ஆலையில் அடித்த பாடித் தகடு இருக்கும், பெயின்ட், உள் அலங்காரம், பாடி எண் எல்லாம் குறியீடாக அதில் இருக்கும், அந்தப் படம் வேண்டும் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் வந்தது. தெளிவான படம். வெள்ளைக்கான குறியீடு, வெள்ளையும் சிவப்புமான உள்ளலங்காரத்துக்கான குறியீடு, எல்லாம் சரி. "இதைக் கேட்கத் தெரிந்த ஆளிடம் விற்பது எனக்குச் சந்தோஷம் சார்" என்றார். அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் பணத்தை வயர் செய்தேன், அதாவது என் வங்கியிலிருந்து நேராக அவர்கள் கணக்குக்கு அனுப்பினேன். 32,500. டிரெய்லர் கூலி தனி.

வண்டி வந்து இறங்கியபோது, பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. சுமார் 5.7 மீட்டர் நீளம், எங்கள் கராஜில் கதவை மூட முடியவில்லை. 8.2 லிட்டர் இன்ஜின், ஆனால் குதிரைத்திறன் 190-தான், இன்றைக்கு இரண்டு லிட்டர் டர்போ அதைவிட அதிகம் தரும். கேலனுக்குப் பத்து மைல்கூடக் கிடைக்காது. இருந்தாலும் ஒற்றை விரலால் ஸ்டியரிங் திருப்பலாம், முன்சக்கர இழுவை என்பதால் நடுவில் மேடு இல்லாமல் தரை சமமாக இருக்கும், மூன்று பேர் முன்னால் தாராளமாக உட்காரலாம், குண்டும் குழியுமான மிச்சிகன் ரோடு இருக்கிற இடமே தெரியாது. இதை ஓட்டியவர்கள் ஏன் ஐம்பது வருஷமாக இதையே பேசுகிறார்கள் என்று புரிந்தது. வண்டி மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை.

முதலில் சந்தேகம் வந்தது என் மனைவியின் சாக்ஸைப் பார்த்துதான். வெள்ளைச் சாக்ஸ், குதிகால் இரண்டும் ரோஸ் நிறம். கம்பளத்தின் சாயம் ஒட்டுகிறது. ஐம்பது வருஷக் கம்பளம் சாயம் விடுமா? ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளிர் நீலம். டிக்கியின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் அங்கேயும் நீலம், இது பெயின்ட். பழைய கேடிலாக் மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக் பெரியவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் காந்தத்தை எடுத்துக் கதவுக்கு அடியில் வைத்தார், ஒட்டவில்லை. ஒரு ஜாண் நீளத்துக்கு இரும்பே இல்லை, வெறும் பட்டி பார்த்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்தார். பாடித் தகட்டின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. துடைத்தால், குறியீடு நீல வண்டிக்கானது, பாடி எண்ணும் எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த எண் இல்லை. அதாவது படம் வேறொரு வண்டியின் தகடு. பெரியவர் என்னைப் பார்த்து, "நிறத்தை மாற்றியிருக்கிறான், முன் ஃபெண்டர், அதான் சக்கரத்துக்கு மேல் வருகிற தகடு, 75-னுடையது, இருக்கை இன்னொரு வண்டியினுடையது" என்றார். கேடிலாக் 1908-இல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று நிரூபிக்க மூன்று வண்டியைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, திரும்பப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டித்தான் டூவர் கோப்பையை வாங்கியது, "உலகத்தின் தரம்" என்று பெருமை பேசியது அதை வைத்துத்தான். அதே வித்தையைச் செய்து இவன் என் 32,500 டாலரை வாங்கிவிட்டான்.

இனிமேல்தான் அலைக்கழிப்பு. விற்பனையாளர் முதலில் ஆச்சரியப்பட்டார். "அப்படியா சார், முதலாளியிடம் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன்." கூப்பிடவில்லை. அடுத்து அவர் விடுப்பில். அடுத்து அவர் "இப்போது எங்களிடம் வேலை பார்ப்பதில்லை", ஆனால் ஷோரூமின் வீடியோக்களில் இன்றைக்கும் அதே ஆள்தான் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். மேலாளர் ஒரு அம்மா, ரொம்ப மரியாதையாகப் பேசினார், மரியாதையாகவே சொன்னார்: நாங்கள் வெறும் கமிஷன் ஏஜென்ட், படம் எல்லாம் வண்டிக்காரர் கொடுத்தது, அவர் யார் என்று சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, நீங்கள் கையெழுத்திட்ட தாளில் "உள்ளது உள்ளபடி" என்று இருக்கிறது. சரி, உள்ளதை உள்ளபடி விற்றால் பரவாயில்லை, இல்லாததை அல்லவா விற்றீர்கள் என்றேன். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்றார்.

ஏலத் தளம் இன்னும் மேல். அவர்களிடம் ஆள் கிடையாது, படிவம்தான். பதில் வந்தது: நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே. விளம்பரத்தில் "நம்பப்படுகிறது" என்றுதான் எழுதியிருக்கிறது, "கடைசி 200-இல் ஒன்று என நம்பப்படுகிறது". யார் நம்பினார்கள் என்று கேட்டேன். புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு மெயில், கூடவே எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் கேட்டு இன்னொரு மெயில். ஏலம் ஜெயித்ததற்கான அவர்களுடைய கட்டணத்தையும் திருப்பித் தரவில்லை. வங்கியில் கேட்டால், கார்டாக இருந்தால் முறையிடலாம், வயர் போனது போனதுதான் என்கிறார்கள். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதே என்று நண்பர்கள் சொன்னார்கள், அது ஆன்லைனில் வாங்கியதற்குச் செல்லாது. அந்த மாநிலத்து அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 32,500 என்பது சிறு வழக்கு நீதிமன்ற வரம்புக்குள் வராது, பெரிய வழக்குப் போட்டால் வக்கீல் கட்டணமே இன்னொரு கார் விலை.

ஒன்றை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1902-இல் ஹென்றி லீலண்ட் இந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது, 1701-இல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்தார்கள். அந்தக் கேடிலாக் பிரபுவே பிரபு இல்லை. உண்மையான பெயர் அந்துவான் லோமே, சாதாரணக் குடும்பம், கடல் தாண்டி வந்ததும் பட்டத்தையும் குலச்சின்னத்தையும் தானே உண்டாக்கிக்கொண்டார். அந்தப் போலிச் சின்னத்திலிருந்து வந்ததுதான் வண்டி மூக்கில் இருக்கிற கேடயம். என் வண்டியில் அது ஒன்றுதான் ஒரிஜினல் என்று மெக்கானிக் சொன்னார்.

சரி, எச்சரிக்கை என்று சொன்னேனே. படத்தை நம்பாதீர்கள், எந்தப் படத்தையும். நேரில் போங்கள், முடியாவிட்டால் கடைக்காரன் சொல்லாத ஆளை நீங்களே பிடித்து அனுப்புங்கள். பாடித் தகட்டையும் வண்டி எண்ணையும் வீடியோ காலில், நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் காட்டச் சொல்லுங்கள். காந்தம் கொண்டுபோங்கள். வயர் கூடவே கூடாது. "நம்பப்படுகிறது" என்று விளம்பரத்தில் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பழைய வண்டிகளுக்கு ஓடிய மைல் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, அதையும் நம்பாதீர்கள். வேறு என்ன சொல்ல, தலை சரியில்லை.

முக்கியமானது: அதே ஷோரூம் இந்த வாரம் இன்னொரு வெள்ளை 76 எல்டொராடோவை ஏலத்துக்குப் போட்டிருக்கிறது. "கடைசி 200-இல் ஒன்று என நம்பப்படுகிறது." பாடித் தகட்டுப் படமும் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கு அனுப்பிய அதே படம், அதே பாடி எண். அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு அதையும் அனுப்பிவிட்டேன். அந்த வண்டியில் யாராவது கண் வைத்திருந்தால் உடனே எனக்குத் தனியாக எழுதுங்கள், இரண்டு படத்தையும் அனுப்புகிறேன். ஏலம் ஞாயிறு ராத்திரி முடிகிறது.