டிசம்பரில் புறாமலையா? முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

அரைப்பரீட்சை லீவு நெருங்கினால் கோவை, திருப்பூர், ஈரோடு வாட்ஸப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் சுற்ற ஆரம்பிக்கும். "இலங்கை 6 நாள். சிகிரியா பாறைக்கோட்டை, திருக்கோணேஸ்வரம் கோயில், பவளப்பாறையில் ஸ்நார்கலிங்." கூடவே கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீரில் ஆமை நீந்தும் படம். ஸ்நார்கலிங் என்றால் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீர்மேல் மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பது. திருச்சிக்கு வேன், அங்கிருந்து கொழும்புக்கு விமானம். கோயில் இருப்பது நிஜம், பவளம் இருப்பதும் நிஜம். அந்த மாதத்தில் அந்தக் கடலில் இறங்க முடியாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நோட்டீஸில் வரும் கடல், திருகோணமலைக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் நிலாவெளி. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, புறாமலை என்கிற புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. இது கிழக்குக் கரை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கே அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கடலைப் புரட்டிப் போடும். பெரும்பாலான நாள் படகே விடமாட்டார்கள். விட்டாலும் மணல் கலங்கி, நீட்டிய கை தெரியாது. அங்கே சீசன் மே முதல் செப்டம்பர் வரை.

ஈரோட்டுப் பக்கமிருந்து டிசம்பரில் போன 14 பேர் குழுவுக்கு நடந்தது இது. கிளம்பும் முன்பே ஒருவர் மழையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "ஏனுங்க, பசங்களுக்கு லீவு இப்பத்தானுங்க. கடல் எங்க ஓடிப்போகுது?" என்று ஏஜென்ட்டின் பதில். நிலாவெளியில் அலை ஆளுயரம். படகு இல்லை. மாற்றாகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டிவிட்டு, மாத்தளையில் ஒரு மசாலாத் தோட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். இந்தத் தோட்டங்களும் ரத்தினக்கல் கடைகளும் வேன் கொண்டுவருகிறவருக்குக் கமிஷன் தருகிற இடங்கள். பயணத் திட்டத்திலிருந்து பொலன்னறுவை விடப்பட்டது அதனால்தான். 11-ஆம் நூற்றாண்டில் சோழர் தலைநகராக இருந்து, அவர்கள் கட்டிய கல் கோயில் இன்றும் நிற்கிற ஊர் அது. தமிழ்நாட்டிலிருந்து போகிற ஆளுக்கு மிளகுக்கொடி காட்டி அதை மறைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். திரும்பி வந்து பணம் கேட்டபோது, பொடி எழுத்தில் "வானிலைக்கு உட்பட்டது" என்ற வரியைக் காட்டினார்கள். திடீர்ப் புயலென்றால் அந்த வரி சரி. வருஷா வருஷம் தவறாமல் வரும் பருவக்காற்றுக்கு அது பொருந்தாது.

சரியான சீசனில் போனாலும் ஏமாற இடம் உண்டு. "புறாமலை சேர்த்து" என்று எழுதியிருந்தால், பல ஏஜென்ட்களின் அகராதியில் அதற்கு அர்த்தம் நிலாவெளிக் கரை வரை வேன். பூங்கா நுழைவுச் சீட்டு, குழுவுக்கான சேவைக் கட்டணம், அதன்மேல் வரி, படகு வாடகை, முகக்கண்ணாடியும் குழாயும், வழிகாட்டி என்று ஒவ்வொன்றும் தனிக்காசு. வெளிநாட்டவருக்கான சீட்டு டாலர் கணக்கு. ஆறு இனத்தையும் வரிவரியாக எழுதி வாங்குங்கள். சிகிரியாவில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்து, சீட்டை நீங்களே வாங்குங்கள். முழுக் கட்டணத்தை வசூலித்துவிட்டுச் சலுகைச் சீட்டு எடுப்பது பழைய வித்தை.

திருகோணமலையின் திருக்கோணேஸ்வரம் கோயிலில் வேறு மாதிரி. "கடலுக்குள் மூழ்கிய கோயிலை ஸ்நார்கலிங்கில் பார்க்கலாம்" என்று ஆசை காட்டுவார்கள். சம்பந்தர் பதிகம் பெற்ற அந்தக் கோயிலைப் போர்த்துகீசியர் 1622-இல் இடித்து, கல்லைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் கடலில் விழுந்தது. 1956-இல் மூழ்குநர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பார்த்ததில் செதுக்கிய தூண்களும் கற்களும் தெரிந்தன. ஆனால் கோயில் நிற்கும் பாறையான சுவாமி மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. மேலே மிதந்து எட்டிப் பார்க்கிற இடமல்ல, காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கத் தெரிந்தவர்களுக்கானது. கரையிலேயே காசில்லாமல் பார்க்கக் கூடியதை வேன் தாண்டிப் போய்விடும்: கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் (இரட்டை மீன்) சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. வாசலிலேயே இறங்கி நடந்து போங்கள்.

கடைசி நாளில் "சிலிண்டர் போட்டு ஒரு ரவுண்டு" என்று யாராவது கூப்பிட்டால் விமான நேரத்தைப் பாருங்கள். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏறலாம். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த விமானத்துக்குள் குமிழியாகிவிடும். ஸ்நார்கலிங்குக்கு இந்தத் தடை இல்லை.

இனி தண்ணீர். நம்ம பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் தைரியமாகக் குதிப்பார்கள். கிணற்றில் நீரோட்டம் கிடையாது, நாலு பக்கமும் சுவர். கடலில் தலையைக் குனிந்தே பத்து நிமிடம் மிதந்தால் எங்கே வந்தோம் என்பதே தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலை தூக்கிப் படகைப் பாருங்கள். வாடகைக் கண்ணாடியைக் கரையிலேயே சோதியுங்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சி, கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் நல்லது. விழுந்தால் ரப்பர் விளிம்பு இறுகிப்போயிருக்கும், அல்லது காரணம் உங்கள் மீசை. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டு வழியே தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொள்ளலாம். மனசு வரவில்லையென்றால் வாசலின் தடவுங்கள், ஓரளவுக்குத் தாங்கும். உள்ளே தண்ணீர் வந்தால் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதினால் கீழ்வழியே வெளியேறிவிடும்.

லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கியும் மாட்டுகிறதா என்று பாருங்கள். தடித்த ஜாக்கெட் ஆளை நிமிர்த்தி நிறுத்தும். உடனே கால் கீழே போய்ப் பவளத்தை மிதிக்கும். பவளம் உடையும், காலும் கிழியும், அந்தக் காயம் லேசில் ஆறாது. வயிற்றில் படுத்த மாதிரி மிதக்கப் பழகும் வரை இடுப்பளவு மணல் தரையிலேயே இருங்கள். சன்ஸ்கிரீனைவிட முழுக்கை டீ சர்ட் மேல். முதுகும் வேகாது, பவளத்துக்கும் கேடில்லை. துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் அங்கே நீந்தும். துரத்தாதவரை அவையும் உங்களைச் சட்டை பண்ணாது. காலை முதல் படகில் போங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏறிவிடும்.

ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை "ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க" என்று படகுக்காரரே கொடுத்தாலும் வாங்காதீர்கள். இலங்கையிலும் குற்றம், இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் குற்றம்.

டிசம்பரை விட்டால் வழியில்லை என்கிறவர்கள் தென்மேற்குக் கரைக்குத் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவைக் கடல் அடங்கியிருக்கும். கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போன 1998-இல் அங்கே நிறையச் செத்துவிட்டது, புறாமலை போல் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்திலேயே காலி என்கிற ஊரின் பழைய கோட்டை. கொழும்பு அருங்காட்சியகத்தில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும். இப்படிச் சொல்லி விற்கிற ஏஜென்ட் கிடைத்தால் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்தால், அது உங்கள் பான் எண்ணின் வரிப்பிடித்தக் கணக்கில் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அந்தத் தொகை ஏஜென்ட் பாக்கெட்டில் இருக்கிறது. ஏமாந்துவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் படம், "கடல் எங்க ஓடிப்போகுது" மாதிரியான வாய்ஸ் மெசேஜ், நிலாவெளியில் அலையைத் தேதியோடு எடுத்த வீடியோ, மூன்றையும் அழிக்காமல் வையுங்கள்.