அப்பாவின் துப்பாக்கியைக் காப்பில் வைத்த கடை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போன் செய்தேன். வீட்டில் அவருடைய ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது, குழல் அளவு 12 போர். மிளகும் காப்பியும் போட்ட மலைத்தோட்டத்துக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று வாங்கிய லைசென்ஸ். அவர் போனதும் லைசென்ஸும் போய்விட்டது. "நீங்க அதைத் தூக்கிட்டு நேரா இங்க வந்துடாதீங்கம்மா. முதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து நகல்ல சீல் வாங்குங்க. காகிதம் முன்னால, துப்பாக்கி பின்னால" என்றார் கடைக்காரப் பெரியவர்.

வைத்திருக்கும் உரிமை போன ஆயுதத்தைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. நான் கடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைக்கச் சொல்வார்கள். எழுத்தில் எதுவும் வராது. 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 முடிவு. காட்டுப்பன்றி இறங்கும் அத்தனை நாளும் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடந்து, குழலில் துரு ஏறித் திரும்பி வந்தது. ரசீது என்று அவர் கையில் இருந்தது கிழித்த அரைத்தாள். அதில் துப்பாக்கி எண்கூடத் தப்பு.

எல்லாரும் ஒப்படையுங்கள் என்று மொத்தமாகச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் பரிசீலிக்க வேண்டும் என்று கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. அதற்கென்றே மாவட்டத்தில் ஒரு குழு உண்டு. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில், அதுவும் தேர்தல் நேரத்துக் கலவரத்தில் சிக்கியவர் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்பா இந்த மூன்றிலும் இல்லை. இது எனக்கே இந்தக் கடையில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். பழைய கடைவீதியில் பாத்திரக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், இரட்டை இரும்புக் கதவு. உள்ளே எண்ணெய் வாசம். பெரியவர் துப்பாக்கியை வாங்கியதும் முதலில் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நடுவில் மடித்துத் திறந்து, தோட்டா இல்லை என்று எனக்கும் காட்டினார். பிறகு விளக்குக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் பார்த்தார். "நடுவுல ரெண்டு இடத்துல துரு தின்னிருக்கு. எழுதிக்கிறேன், நீங்களும் பாருங்க." பார்த்தேன், ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. அதையும், துப்பாக்கியின் மரக்கட்டையில் இருந்த கீறலையும், தோட்டா எண்ணிக்கையையும் எழுதி, எண்ணை இரண்டு தடவை சத்தமாகப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்கினார். அட்டையில் அப்பா பெயரை எழுதி, விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் நூலால் கட்டினார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் தேறும்வரை பேசாமல் பதிவேட்டைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டேன். பல மாதம் கழித்து ஒரே வரி வந்தது: விண்ணப்பம் ஏற்கத்தக்கதல்ல. விட்டுவிடலாம் என்று இருந்தேன். பெரியவர்தான் விடவில்லை. மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும், கேட்டால் சுருக்கமாகவாவது தர வேண்டும், தருவது பொதுநலனுக்கு ஆகாது என்று கருதினால் மட்டும் விலக்கு. இது 14ஆம் பிரிவு என்று சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: வீட்டில் பூட்டி வைக்க வசதியில்லை.

நியாயமான கேள்வி அது. பூட்டில்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கவே கூடாது, யார் வீடானாலும். 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்ததையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரோடு போல்ட் அடித்த இரும்பு அலமாரி இருக்கிறது. பார்க்க வந்தவர் திண்ணையோடு திரும்பிவிட்டார். காரணம் எழுத்தில் வந்ததால்தான் என்னால் அலமாரியின் படத்தையும் பில்லையும் வைத்து மேல்முறையீடு செய்து பதில் சொல்ல முடிந்தது. ஏற்கத்தக்கதல்ல என்ற ஒரு வரிக்கு நான் என்ன பதில் எழுதியிருக்க முடியும்? மேல்முறையீட்டில் நேரில் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று 18ஆம் பிரிவு சொல்வதால் என்னைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் கேட்டார்கள். உத்தரவு இன்னும் வரவில்லை.

இதற்குள் துப்பாக்கி அரசுக்குப் போய்விடுமோ என்று பயந்தேன். காலம் தாண்டினால் போகும்தான். ஆனால் அதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து, 30 நாளில் ஏன் எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டாக வேண்டும். இதுவும் 21ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மேல்முறையீடு நடப்பதற்கான நகலைத் தன் பதிவேட்டோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறார் பெரியவர்.

குறை இல்லாமல் இல்லை. காப்புக் கட்டணத்தை எங்கும் எழுதிப் போடவில்லை. எனக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்றார், பக்கத்தில் நின்றவருக்கு எவ்வளவு என்று தெரியாது. பதிவேட்டில் இவ்வளவு சுத்தமாக இருப்பவர் இதையும் சுவரில் ஒட்டிவிடலாம். பணமாகத்தான் வாங்குகிறார். மழைக்காலத்தில் பின்னறை ஈரம் காக்கிறது. எண்ணெய் போடுவது தனிக் கூலி, நாம்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஐப்பசியில் நான் போனபோது குழல் சுத்தமாகத்தான் இருந்தது, அந்த இரண்டு புள்ளிகளைத் தவிர.

போகிறவர்கள் மதியம் ஒரு மணிக்கு முன் போங்கள், பிறகு நாலு வரை கதவு பூட்டு. இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம், ஸ்டேஷன் சீல் போட்ட நகல் மூன்றும் இல்லாமல் துப்பாக்கியை வாங்க மாட்டார். எனக்கு முன்னால் வந்த ஒரு அண்ணனை அப்படித்தான் திருப்பி அனுப்பினார், அவர் 80 கிலோமீட்டர் தாண்டி வந்திருந்தும்.