பல நாள் மலைப் பந்தயத்துக்கு ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அப்புறம் எந்த சைக்கிளில் போவது? ஹார்ட்டெயில் என்றால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் மட்டும் அதிர்வு தாங்கி. ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் பின்பக்கமும் உண்டு.

விலை: ஒரே தரப் பாகங்கள் என்றால் ஹார்ட்டெயில்தான் மலிவு.

எடை: ஹார்ட்டெயில் பெரும்பாலும் 1 முதல் 2 கிலோ குறைவு. நீண்ட ஏற்றத்தில் அது தெரியும்.

பராமரிப்பு: ஹார்ட்டெயிலில் முன் ஃபோர்க் மட்டும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்கும் (அதிர்வு தாங்கி), பின்பக்க மூட்டுகள் அசைய உதவும் பிவட் பேரிங்குகளும் சேரும். மழை, சேறு என்றால் தினமும் சாயங்காலம் கவனிக்க வேண்டும்.

உடம்பு: என்னைக் கேட்டால், முடிவு இங்கேதான் இருக்கிறது. முதல் நாள் பெரிய வித்தியாசம் தெரியாது. நாள் ஏற ஏற முதுகும் உள்ளங்கையும் வலிக்கும், இருக்கையில் உரசும் இடம் புண்ணாகும். ஹார்ட்டெயிலில் கரடுமுரடான பாதை முழுக்க எழுந்து நின்றே ஓட்ட வேண்டும், தொடைக்கு ஓய்வே இல்லை. ஃபுல் சஸ்பென்ஷனில் உட்கார்ந்தபடியே மிதித்துப் போகலாம். களைத்த கையோடு இறங்கும்போது பிடிமானமும் கூடுதல்.

மூன்று நாள், பெரும்பாலும் மண் சாலை, கையில் பணம் குறைவு: ஹார்ட்டெயில் போதும், அகலமான ட்யூப்லெஸ் டயர் போடுங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் மலை சைக்கிள் பந்தயம் மாதிரி 8 நாள் என்றால், தயங்காமல் ஃபுல் சஸ்பென்ஷன்.